கமகம் பழகிய கைக்கு எந்த சிந்தசைசர்? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வர்ணம், கீர்த்தனை, மனோதர்மம் என்று கர்நாடக சங்கீதத்தின் வழக்கமான வழியில் கற்றுக்கொண்டுதான் கணினி இசைக்கு வந்தேன். மிடி (கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) கீபோர்டு, எம்பிஇ (ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக வளைக்கவிடும் மிடி முறை) கருவி, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், மைக் எல்லாவற்றையும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். இதே வழியில் வர நினைக்கும் பாடகர்களுக்கும் வீணை, வயலின் வாசிப்பவர்களுக்கும் இந்த அனுபவம் உதவும்.

சாதாரண மிடி கீபோர்டில் தோடி ராகம் வராது. தோடியின் சாதாரண காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். ஸ்வரத்தை இப்படி அசைப்பதுதான் கமகம். கீயை அழுத்தினால் ஷட்ஜத்திலிருந்து 300 சென்ட் (ஓர் அரைஸ்வரம் 100 சென்ட்) தள்ளி ஓர் ஒலி அப்படியே நிற்கிறது. 1983-இல் வந்த மிடியில் பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் வசதி) உண்டு, ஆனால் அது ஒரு சேனலில் ஒலிக்கும் அத்தனை ஸ்வரங்களையும் சேர்த்தே வளைக்கும். கீழே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை அசைத்தால் ஷட்ஜமும் கூடவே ஆடும். ஆதார சுருதியே ஆடும்போது ராகத்தை எங்கே தேடுவது?

2018-இல் தரநிலையான எம்பிஇ இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தனிச் சேனலில் போவதால் ஒன்றை மட்டும் அசைக்கலாம். விரலை வழுக்கி வாசிக்கும் பரப்புள்ள கருவியில் ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது) அழகாக வருகிறது. விளம்ப காலக் கம்பிதமும் (மெதுவான ஸ்வர அசைவு) நன்றாகவே வருகிறது. வயலின் பழகியவர்களுக்குச் சீக்கிரம் கைவரும். துரித காலப் பிருகாவுக்கு (வேகமாக உருளும் ஸ்வரக் கோவை) மட்டும் இதை நம்ப வேண்டாம், எவ்வளவு சாதகம் செய்தாலும் குரலின் தெளிவு வருவதில்லை. இன்னொன்று, கருவியிலும் சிந்திலும் பெண்ட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். எம்பிஇ-யில் வழக்கமான அளவு 48 அரைஸ்வரம், பழைய சிந்த்கள் பலவற்றில் 2. இது பொருந்தாவிட்டால் ரிஷபத்துக்கு இழுத்தது எங்கோ போய் நிற்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தம்புரா. தம்புராவை நன்றாகச் சேர்த்தால் ஷட்ஜத் தந்தியின் ஐந்தாவது ஹார்மோனிக்கிலிருந்து (மூல ஒலியின் ஐந்து மடங்கு அதிர்வெண்ணில் கூடவே எழும் ஒலி) அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும். சுயம்பு காந்தாரம் என்போமே, அதுதான். அது நிற்பது ஏறக்குறைய 386 சென்ட்டில். கீபோர்டின் காந்தாரம் 400-இல். தம்புராவின் மேல் மோகனத்துக்கு ஒரு பேட் ஒலியை (மென்மையாக நீண்டு நிற்கும் சிந்த் ஒலி) நீளமாக வைத்துப் பாருங்கள், அந்த 14 சென்ட் உறுத்தல் சுருதி பழகிய காதுக்கு உடனே தெரியும். சிந்தில் மைக்ரோடியூனிங் (ஸ்வரங்களைச் சென்ட் கணக்கில் நகர்த்தும்) வசதி இருந்தால் காந்தாரத்தை இறக்கிவிடுங்கள், ஒலி தம்புராவோடு கலந்துவிடும். அந்த வசதி இல்லாத சிந்தில் நான் ஷட்ஜ பஞ்சமம் மட்டும்தான் வைக்கிறேன். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான்.

தாள விஷயத்தில் ரீப்பர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கிரிட் (திரையில் தெரியும் நேரக் கட்டம்) அளவில் 1/20 என்று தட்டினால் ஒவ்வொரு கால் நோட்டும் ஐந்தாகப் பிரியும், கண்ட நடை ரெடி. ஏழாகப் பிரியும் மிஸ்ர நடைக்கு 1/28. கண்ட நடையில் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்கு 40 மாத்திரையும் கண்ணெதிரே கட்டம் கட்டமாக நிற்கும்போது கோர்வை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கோப்பு) கணக்குப் போடுவது சுகம். ஆலாபனை பதியும்போது மெட்ரோனோமையும் கிரிட்டையும் அணைத்துவிடுவேன்.

பதியும்போது மென்பொருளின் பஃபர் (கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும்) அளவை 128 சாம்பிளுக்குள் வையுங்கள். அதற்கு மேல் போனால் ஹெட்ஃபோனில் குரல் பின்தங்குவது கமகத்தைக் கெடுக்கும். தானாகச் சுருதி திருத்தும் ப்ளக்இன்னை ராகம் பாடிய பதிவுக்குப் போடவே கூடாது. அசைவைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அது தட்டையாக்கிவிடும்.

இப்போது என் வேலைமுறை இப்படி: அசைவெல்லாம் குரலில், நிலைப்பதெல்லாம் சிந்தில். பாடிப் பதிந்ததை கிரானுலர் ப்ளக்இன்னில் போட்டு, சில மில்லிசெகண்ட் துணுக்குகளாக்கி நீட்டினால் ஒரு கம்பிதமே நிமிடக் கணக்கில் விரியும். அப்புறமும் அதில் ராகத்தின் சாயல் இருக்கிறது, ஏனென்றால் மூலம் பாடியது. எந்த சிந்தின் ரெடிமேட் ஒலியிலும் இதை நான் கேட்டதில்லை.

அதனால் வாங்கும் வரிசை என்று கேட்டால் முதலில் நல்ல மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). பிறகு மைக்ரோடியூனிங் உள்ள ஒரு சிந்த். எம்பிஇ கருவி கடைசியில்தான். வாத்தியக்காரர்கள் மட்டும் அதை இரண்டாவதாக வாங்கலாம், அவர்கள் விரலுக்கு அது பயன்படும்.