பெட்டியை நிறுத்த எந்த ஸ்டாப்பர்: மொட்டைத் தலையா, ரோலரா, லீவரா?

போன தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஆலையின் முதல் லைனில், கன்வேயரில் ஓடிவரும் பெட்டியைத் தடுத்து நிறுத்தும் நான்கு ஸ்டாப்பர் சிலிண்டர்களையும் ஒரேயடியாக மாற்றினோம். எதை வாங்குவது என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேட்லாக்கைத் திறந்தால் தலையிலேயே மூன்று நான்கு வகை, காற்று வழியில் இரண்டு மூன்று வகை, விட்டமோ வரிசையாக நீண்டுகொண்டே போகிறது. விற்க வருகிறவர் எல்லாமே நல்ல சாமான் என்றுதான் சொல்வார். அதைக் கழற்றி மாட்டுகிற ஒருவர் தமிழில் எழுதியிருக்கிறாரா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

இடம் மலேசியாவின் சுங்கை சிப்புட். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கும் ஊர். அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தச் செம்பனை எண்ணெயைப் போத்தலில் அடைத்து அனுப்பும் ஆலையில் நான் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். 5 கிலோ போத்தல் நான்கு சேர்ந்தால் ஒரு பெட்டி, ஆக 20 கிலோ. பெட்டியை ஒட்டி மூடும் டேப் மிஷினுக்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி நிறுத்தி அனுப்புவதுதான் ஸ்டாப்பரின் வேலை.

இதே லைனில் மூன்று வகையும் என் கையில் ஓடியிருக்கின்றன. லைனோடு வந்த மொட்டைத் தலை ஆறு வருஷம் ஓடியது. இரண்டு இடத்தில் போட்டுப் பார்த்த ரோலர் தலை எட்டு மாதம். இப்போது ஷாக் அப்சார்பர் வைத்த லீவர், ஓராண்டை நெருங்குகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கனமான பெட்டி ஓடும் இடத்தில் நான் லீவர் பக்கம்தான்.

மொட்டைத் தலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கன்வேயர் ரோலர்களுக்கு நடுவே ஒரு தடித்த தண்டு எழும்பும், பெட்டி வந்து முட்டி நிற்கும், தண்டு இறங்கினால் போகும். விலை குறைவு, அமைப்பும் எளிது. சாதாரண ஏர் சிலிண்டரைவிடத் தண்டு தடிப்பாகவும் தண்டைத் தாங்கும் புஷ் நீளமாகவும் இருப்பது பக்கவாட்டு அடியைத் தாங்கத்தான். காசு மிச்சம் என்று சாதாரண சிலிண்டரை நிமிர்த்தி வைத்துவிடாதீர்கள். எங்களிடமே ஒருமுறை அவசரத்துக்கு அப்படி வைத்தார்கள், சில வாரத்தில் தண்டு வளைந்துவிட்டது.

காற்று வழியில் நான் எடுத்தது ஸ்பிரிங் மேலே தூக்கும் ஒற்றைச் செயல் வகை. காற்று கொடுத்தால் தண்டு இறங்கும், காற்று போனால் தானாக எழும்பி நிற்கும். கம்ப்ரசர் நின்றாலும் வரிசையில் நிற்கும் பெட்டிகள் டேப் மிஷினுக்குள் பாயாது. இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. ஆனால் விட்டம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 5 பார் காற்றழுத்தத்தில் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கு ஏறக்குறைய 400 நியூட்டன் விசை உண்டு. ஆனால் தண்டை இறக்கும் காற்று, தண்டு இருக்கும் பக்கத்தில்தான் தள்ளுகிறது. தண்டு 20 மில்லி என்றால் அந்தப் பரப்பைக் கழித்த பிறகு மிஞ்சுவது சுமார் 245 நியூட்டன். அதிலிருந்தும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பைக் கழிக்க வேண்டும். அப்புறம் பெட்டிகளின் நெருக்கடி இருக்கிறது. ஆறு பெட்டி வரிசையில் நின்று, கன்வேயர் ரோலர் ஓடிக்கொண்டே இருந்தால், உராய்வு எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் சுமார் 12 கிலோ எடை தண்டைப் பக்கவாட்டில் அழுத்துவதற்குச் சமம். அந்த அழுத்தத்தோடுதான் தண்டு இறங்க வேண்டும்.

ரோலர் தலையின் சிறப்பு இந்த இடத்தில்தான். தண்டு இறங்கும்போது உச்சியில் இருக்கும் சிறு உருளை பெட்டியின் முகத்தில் உருண்டுகொண்டே இறங்கும். மொட்டைத் தலை அட்டையைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். எங்கள் பெட்டிகளின் முன்பக்க அடியில் பிறை மாதிரி ஒரு கீறல் எப்போதும் இருக்கும். ரோலர் போட்ட இரண்டு இடத்திலும் அது நின்றது. அதைப் பார்த்து எனக்கும் பெரிய நம்பிக்கை, நான்கிலும் ரோலரே போட்டுவிடலாம் என்று.

அந்த நேரத்தில்தான் லைன் வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 18 மீட்டர் ஓடியது 30 ஆனது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றும். ஆனால் பெட்டி கொண்டுவரும் அடி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 20 கிலோ பெட்டியின் அடி, ஆற்றல் கணக்கில் 18 மீட்டரில் 0.9 ஜூல், 30 மீட்டரில் 2.5 ஜூல். ஏறக்குறைய மூன்று மடங்கு. உருளை, தண்டு இறங்கும் சிக்கலைத் தீர்க்கிறதே தவிர முட்டும் அடியை வாங்குவதில்லை. அடி அப்படியே தண்டுக்குப் போய், தண்டிலிருந்து புஷ்ஷுக்குப் போகிறது.

இரண்டு விஷயம் தெரிய ஆரம்பித்தன. ஒன்று, பெட்டி முட்டிய வேகத்தில் கொஞ்சம் பின்னால் துள்ளித் திரும்ப வந்தது. சென்சார் அதை இரண்டு பெட்டியாக எண்ணியது. பேலட்டில் ஒரு பெட்டி குறைகிறது என்று முதலில் கண்டுபிடித்தது டேப் மிஷினில் நிற்கும் அக்காதான். கணினி சொல்வதை நம்பாமல் கையால் எண்ணிப் பார்த்தார். இரண்டாவது, மூன்று மாதத்துக்குள் முதல் ஸ்டாப்பர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தண்டு முழுதும் இறங்குவதற்குள் பெட்டி நகர்ந்து அதன் மேலேயே ஏறிக்கொள்ளும்.

கழற்றிப் பார்த்தேன். என் முடிவை மாற்றியது அந்த ஒரு மணி நேரம். தண்டின் கழுத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை அப்பியிருந்தது. அட்டைப் பெட்டியின் தூளும் கசிந்த எண்ணெயும் சேர்ந்த பசை. நகத்தால் சுரண்டினால் ரப்பர் கட்டிப்பால் மாதிரி சுருண்டு வந்தது. புஷ்ஷின் துளை பெட்டி வரும் திசையில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. அதனால் தண்டு ஒரு பக்கம் சாய, மறுபக்கத்தில் தண்டைத் துடைக்கும் வைப்பர் வளையத்தின் உதடு தண்டை விட்டு விலகி நின்றது. அந்த இடைவெளியில் பசை உள்ளே போய், காற்று கசியாமல் அடைக்கும் சீலை அறுத்துவிட்டது. தண்டின் மேல் மெல்லிய நேர்கோடுகளாகக் கீறல். தண்டு சீல் போனால் காற்று அங்கே கசியும், இறக்கும் விசை குறையும். நான் பார்த்த மெதுவான இறக்கம் அதனால்தான்.

சீல் கிட் வாங்கிப் போடலாம். ஆனால் புஷ் தேய்ந்து, தண்டும் கீறியிருந்தால் புது சீல் எத்தனை நாள் தாங்கும்? முழு சிலிண்டரைத்தான் மாற்ற வேண்டும். அது கன்வேயர் ரோலர்களுக்குக் கீழே இருக்கிறது. காவல் தகட்டைக் கழற்றி, கீழே படுத்து, நான்கு போல்ட்டையும் அடியிலிருந்து எடுக்க வேண்டும். எனக்கு நாற்பது நிமிடம், அதுவரை லைன் நிற்கும். கையில் ஸ்பேர் இல்லையென்றால் ஈப்போவுக்கு ஆள் போய் வர வேண்டும், அரை நாள் போய்விடும்.

அதனால் இப்போது ஸ்டாப்பரை வாங்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அடி எந்தப் பாகத்துக்குப் போகிறது, அந்தப் பாகத்தை மேலிருந்து மாற்ற முடியுமா?

லீவர் வகையில் பெட்டி தண்டில் முட்டுவதில்லை. தண்டின் உச்சியில் ஒரு சாய்வான லீவர் இருக்கிறது. பெட்டி அதைத் தள்ள, அது நிமிர்ந்துகொண்டே உள்ளே இருக்கும் சிறு ஹைட்ராலிக் அப்சார்பரை அழுத்தும். பெட்டி தடுமாறாமல் அமைதியாக வந்து நிற்கும். பழைய 'டங்' சத்தம் போய் 'தொப்' என்று ஒரு மெல்லிய சத்தம்தான் கேட்கிறது. நிமிர்ந்த லீவர் திரும்பச் சாய்ந்து பெட்டியைப் பின்னுக்குத் தள்ளாமல் இருக்க லாக் வைத்த மாடலைப் பார்த்து எடுத்தேன். இரட்டை எண்ணிக்கைத் தொல்லை அன்றோடு போனது.

தேய்கிற பாகம் அப்சார்பர், அது உட்கார்ந்திருப்பதோ கண்ணெதிரே மேலே. காற்றை அடைத்து, லைனை நிறுத்திப் பூட்டு போட்டுவிட்டு, லீவர் பிடியில் இருக்கும் சிறு திருகை ஆலன் கீயால் தளர்த்தி, லீவரை மேலே திருப்பினால் அப்சார்பரை உருவி எடுக்கலாம். எங்கள் மாடலில் இதற்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. போன அப்சார்பருக்கு எண்ணெய் ஊற்றிச் சரிசெய்ய முடியாது, புதிதுதான் போட வேண்டும். சுற்றிலும் எண்ணெய் கசிந்திருந்தால், அழுத்தினால் முழுதும் திரும்ப வராவிட்டால், பழைய 'டங்' திரும்பக் கேட்டால், அது முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த ஓராண்டில் நான்கில் ஒன்றுக்குத்தான் அப்சார்பர் மாற்றினேன். அதுவும் பெட்டி வேகமாக வந்து விழும் முதல் இடத்தில். அதை வைத்து ஆயுள் இவ்வளவு என்று கணக்குச் சொல்ல மாட்டேன், ஓராண்டு அதற்குப் போதாது. ஆனால் தண்டை மாதா மாதம் விரலால் ஆட்டிப் பார்க்கிறேன். காற்றை அடைத்தால் எப்படியும் ஸ்பிரிங்கில் மேலேதான் நிற்கும், பெட்டி வரும் திசையில் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பழையவற்றில் இந்தக் காலத்துக்குள் கையில் உணரும் அளவுக்கு ஆட்டம் வந்திருந்தது. இவற்றில் இன்னும் இல்லை.

லீவரில் குறைகளும் உண்டு. எனக்குச் சொன்ன விலை மொட்டைத் தலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். லீவரின் ஊசி மூட்டிலும் அதே சாம்பல் பசை சேர்கிறது, வாரம் ஒருமுறை துணியால் துடைத்தே ஆக வேண்டும். பெட்டி நேராக வந்து முட்ட வேண்டும், கோணலாக வந்தால் தண்டை முறுக்கும். அதற்காக ஸ்டாப்பருக்கு முன்னால் பக்க வழிகாட்டியை நெருக்கி வைத்தோம். அப்புறம், அப்சார்பரை அழுத்துவதற்குப் பெட்டியில் போதுமான அடி இருக்க வேண்டும். மூன்றாவது லைனில் ஓடுவது 6 கிலோ பெட்டி, வேகம் 18 மீட்டர்தான். அடி 0.3 ஜூலைக்கூட எட்டாது. அங்கே லீவர் பாதியில் நின்றுவிடும், பெட்டி நிற்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த லைனில் மொட்டைத் தலையே இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவும் லைனில் நான் வேலை செய்ததில்லை. தண்ணீரும் தூளும் அப்சார்பருக்கு ஆகாது என்பதால் அங்கே ரோலர் தலையை முதலில் பார்ப்பேன்.

எந்த வகையை வாங்கினாலும் காற்று கெட்டால் எல்லாம் ஒன்றுதான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் கம்ப்ரசர் டாங்கியைத் திறந்தால் துருத் தண்ணீர் கொட்டும். அது லைனுக்குள் போனால் சிலிண்டர் உள்ளே கம்பெனியில் தடவிய கிரீஸைக் கழுவிவிடும். காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் டாங்கியையும் ஃபில்டர் கிண்ணத்தையும் வடிக்காமல் நான் லைனை ஓட விடுவதில்லை. காற்றில் எண்ணெய் கலந்து அனுப்பும் லூப்ரிகேட்டர் விஷயத்தில் நடுவழி கிடையாது. இன்றைய சிலிண்டர்கள் எண்ணெய் விடாமலே ஓடும். ஒருமுறை டர்பைன் எண்ணெய் விட ஆரம்பித்தால், அது அந்தக் கிரீஸை அடித்துக்கொண்டு போய்விடும், அதன் பிறகு ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பழைய ஸ்டாப்பர்கள் சீக்கிரம் கெட்டதில் காய்ந்துபோன லூப்ரிகேட்டர் கிண்ணத்துக்கும் பங்கு உண்டு. புதிய நான்குக்கும் லூப்ரிகேட்டரையே எடுத்துவிட்டேன்.

இப்போது என் மேசை இழுப்பில் இரண்டு அப்சார்பர், ஒரு சீல் கிட், ஒரு ஆலன் கீ எப்போதும் இருக்கும். மாற்றிய தேதியைக் கன்வேயர் சட்டத்தில் மார்க்கரால் எழுதிவிடுகிறேன். போன மாதம் இரவு ஷிஃப்ட்டில் இருந்த தம்பி போன் பண்ணினார்: "அண்ணே, முதல் ஸ்டாப்பர் சத்தம் மாறிடுச்சு, பழைய மாதிரி அடிக்குது." அவர் போனைக் கன்வேயர் பக்கம் நீட்ட, எனக்கும் கேட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நான் சொன்ன அந்த ஒரு அப்சார்பரை மாற்றியது அன்றைக்குத்தான். திருகை இறுக்கிவிட்டுப் பெட்டியை விட்டோம், 'தொப்' என்று வந்து நின்றது. தம்பி பேனாவை வாங்கித் தேதியை எழுதினார்.