நான்கு ஹெக்டேரா, எட்டு ஹெக்டேரா?

ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில், சார்ட்டர்ஸ் டவர்ஸ் நகருக்குத் தென்மேற்கே உள்ள வம்பியானா பண்ணையில் 1997-இல் ஒரு மேய்ச்சல் ஆய்வு தொடங்கியது. மழை எப்போது பொய்க்கும் என்று தெரியாத நிலத்தில் எத்தனை மாடுகளை விடலாம் என்பதே அதன் கேள்வி.

நான்கு ஹெக்டேருக்கு ஒரு மாடு என நெருக்கி விடுவது ஒரு வழி. நிலம் நெடுங்காலம் தாங்கக்கூடிய அளவில், ஏறத்தாழ எட்டு ஹெக்டேருக்கு ஒன்று என விடுவது இன்னொரு வழி. தொடக்கத்தில் நல்ல மழை பெய்ததால், ஹெக்டேர்க் கணக்கில் கூடிய எடையைப் பார்த்தவர்களுக்கு நெருக்கி விட்டதே லாபமாகத் தெரிந்தது. வறட்சி வந்ததும் கணக்கு புரண்டது. புல் தீர்ந்து, மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) யூரியா கலந்து ஊட்டும் செலவு ஏறியது. மெலிந்த மாடுகளுக்கு விலையும் குறைந்தது. நீண்டகால லாபத்தில் மிதமான வழியே முந்தியது.

புல்லுக்கு ஏற்ப ஆண்டுதோறும் எண்ணிக்கையை மாற்றுவது மூன்றாவது வழி. கேட்பதற்கு இதுவே மிகப் புத்திசாலித்தனமானது. ஆனால் மழைக்காலத்தின் முடிவில் அளக்கும் புல், போன மழையின் கதையைத்தான் சொல்லும். நல்ல ஆண்டுகளில் பெருக்கிய மந்தையோடு வறட்சிக்குள் நுழைந்ததால் இங்கும் அடி விழுந்தது. பசிபிக் தீவான தஹிதிக்கும் வட ஆஸ்திரேலிய நகரமான டார்வினுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாட்டைக் கொண்டு மழையை முன்கூட்டியே கணித்து எண்ணிக்கையை மாற்றும் முறையையும் சோதித்தார்கள். அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஈடான லாபம், மிதமான வழியைவிட அதிகமாகக் கிடைக்கவில்லை. என் கணிப்பில், கூட்டுவதை மெல்லவும் குறைப்பதை விரைவாகவும் செய்ய மனம் ஒப்பும் பண்ணையாளருக்கே எண்ணிக்கையை மாற்றும் இந்த மூன்றாவது வழி பொருந்தும்.

நிலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மழைக்காலத்தில் ஓய்வு தருவது நான்காவது வழி. முதல் மழையில் பல்லாண்டுப் புல் வேரடியில் சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்தே புதுத் தளிர் விடுகிறது. அந்தத் தளிரைத் திரும்பத் திரும்பக் கடித்தால் தூர் மெலிந்து சாகும். அந்த வெற்றிடத்தில் அங்கே பரவுவது ‘இந்தியன் கௌச்’ எனப்படும், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கொடிப்புல். மண்ணை மூடினாலும் வறட்சியில் போதிய தீனி தராது. ஆனால் ஒரு பங்கை அடைத்தால், அதன் மாடுகளை மற்ற இரண்டு பங்குகளும்தான் சுமக்க வேண்டும். மொத்த எண்ணிக்கை மிதமாக இல்லாவிட்டால், ஓய்வு பெற்ற இடம் தேறும்போது மற்ற இடம் கெடும்.