பிள்ளை ஃபாஸ்டர் வீட்டில் இருக்கும்போது யாரை அழைப்பது?

பிள்ளையைக் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) ஃபாஸ்டர் வீட்டுக்கு, அதாவது தற்காலிகமாக வளர்க்கும் வேறொரு குடும்பத்திடம், கூட்டிப்போன அன்று இரவு, லண்டனில் நம்மவர்கள் பலர் முதலில் அழைப்பது வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த சொலிசிட்டரை. இல்லையென்றால் விசாவுக்கு எழுதிக் கொடுத்தவரை. தெரிந்தவர், தமிழ் பேசுவார், அவ்வளவுதான் காரணம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கச் சில வருடங்களாகப் போய்வருகிறேன். இங்கிலாந்தில் பெற்றோருக்கு இருக்கும் உதவிகளில் எது எங்கே கைகொடுக்கிறது, எது எங்கே கையை விரிக்கிறது என்று பார்த்ததை எழுதுகிறேன்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் சொலிசிட்டருக்கு ஈடு யாரும் இல்லை. அதுவும் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் குழந்தைகள் சட்ட அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். பத்திரம் பார்ப்பவருக்கு இது வேறு உலகம். பிள்ளையைத் தன் பொறுப்பில் விடும் பராமரிப்பு ஆணை கேட்டுக் கவுன்சில் வழக்குப் போட்டாலோ, போடப்போவதாக முறைப்படி கடிதம் அனுப்பினாலோ பெற்றோருக்குச் சட்ட உதவி இலவசம். வருமானம் பார்ப்பதில்லை. இதை நம்பாமல் நகையை அடகு வைக்கப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்துக்கு உடன் வர 'மெக்கென்சி நண்பர்' என்று, வக்கீல் அல்லாத சிலர் காசு வாங்கிக்கொண்டு வருவார்கள். இலவசமாக வக்கீல் கிடைக்கும் இடத்தில் அது வீண் செலவு.

சிக்கல் அதற்கு முந்தைய கட்டத்தில். சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்து, "தற்காலிகம்தான், கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அது 1989 குழந்தைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு. நீதிமன்ற ஆணை இல்லாமல், பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையைக் கவுன்சில் வைத்துக்கொள்வது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், சட்டப்படி 'பெற்றோர் பொறுப்பு' (பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை) உள்ளவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூட்டிப்போகலாம், முன்னறிவிப்பு தேவையில்லை. ஹேக்னி கவுன்சில் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. ஆனால் "நாளைக்கே கூட்டிப்போகிறேன்" என்று சொன்னால், கவுன்சில் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்டு ஓடலாம். போலீசும் 72 மணி நேரம் வரை பிள்ளையை வைத்திருக்கலாம். ஆக, கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் ஆலோசனை கேட்க வேண்டும், பிள்ளையைத் திரும்பக் கேட்பதற்கு முன்னும் ஆலோசனை கேட்க வேண்டும். இந்தக் கட்டத்தில் சட்ட உதவி வருமானம் பார்த்துத்தான் தருவார்கள்.

இங்கேதான் ஃபேமிலி ரைட்ஸ் குரூப்பின் ஆலோசனைத் தொலைபேசி சொலிசிட்டரை முந்துகிறது. 1974இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், கவுன்சிலைச் சேர்ந்தது அல்ல, காசும் இல்லை. சட்டமும் தெரியும், சோஷியல் வொர்க்கர் எழுதும் மொழியும் தெரியும். குறை என்னவென்றால் எல்லாம் தொலைபேசியோடு சரி. உங்களோடு கூட்டத்துக்கு வந்து உட்கார மாட்டார்கள்.

வந்து உட்காருபவர் பெற்றோருக்கான அட்வகேட். பெயர் அப்படியிருந்தாலும் வக்கீல் இல்லை, பெற்றோர் பக்கம் நின்று பேச உதவுபவர். சில இடங்களில், தானே பிள்ளையைப் பிரிந்து மீட்டவர்களும் இந்த வேலை செய்கிறார்கள். சட்ட ஆலோசனை தர மாட்டார், எல்லா ஊரிலும் கிடைக்கவும் மாட்டார். ஆனாலும் ஏழெட்டு அதிகாரிகள் சுற்றி உட்காரும் அறையில் "இவர் சொல்லி முடிக்கட்டும்" என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

நம் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்துவதும், நம் குடும்பங்கள் அதிகம் மறுப்பதும் குடும்பக் குழுக் கூட்டம்தான். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து வந்தது. சித்தி, மாமா, அம்மம்மா எல்லாரும் கூடி, அதிகாரிகள் வெளியே போனபின் தங்களுக்குள் திட்டம் போடுவார்கள். பிள்ளை வீட்டுக்குத் திரும்ப முடியாதபோது உறவினரிடம் வைப்பதற்குத்தான் சட்டமும் முன்னுரிமை தருகிறது. ஆனால் மானம் போய்விடும் என்று பயந்து உறவுகளிடம் வாயைத் திறக்க மாட்டோம். ஒரு தாய், அடுத்த தெருவில் இருந்த சொந்த அக்காவிடமே நாலு மாதம் மறைத்தார். தெரிந்திருந்தால் அந்த அக்கா முதல் நாளே பிள்ளையை ஏற்றிருப்பார். வழக்கை 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். உறவினரைப் பரிசீலிக்கவே அதில் பல வாரம் போய்விடும்.

குடிதான் பிரச்சினை என்றால், 2008இல் லண்டனில் தொடங்கிய போதை மற்றும் மது குடும்ப நீதிமன்றம் உங்கள் பகுதியில் உண்டா என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நீதிபதியை நேரில் பார்த்துப் பேசலாம்.

அப்புறம் ஒரு குழப்பம். குடும்ப நீதிமன்ற வழக்கில் பிள்ளையின் நலனைப் பார்க்கும் காஃப்காஸ் அமைப்பின் கார்டியன் உங்களுக்காக வருபவர் இல்லை, பிள்ளைக்காக வருபவர். பராமரிப்புத் திட்டத்தை மீளாய்வு செய்யும் அதிகாரியும் அப்படித்தான். ஆனால் அந்த மீளாய்வுக் கூட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். முதல் கூட்டம் 20 வேலைநாளுக்குள், அடுத்தது மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது.

ஒரு தாய் வாராவாரம் இடியாப்பத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு சந்திப்பு மையத்துக்கு, பிரிந்திருக்கும் மகனைக் கண்காணிப்பில் பார்க்கும் இடத்துக்கு, போவார். மூலையில் ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டே இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் மகனோடு ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருந்தார்கள். தாய்க்குத் தெரிந்த ஆங்கிலம் "ஈட், ஈட்" மட்டும். சொலிசிட்டருக்கு மூன்று முறை சொன்னார். அவருக்கு வழக்கில் அதைவிடப் பெரிய கவலைகள். அட்வகேட்தான் மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பினார். இரண்டு வாரம் கழித்து அந்த மையத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்தது நான்தான்.