எழுத்துக்கு 20 ரூபாய்: ஒரு கல்லறைக் கல் பட்டறை

அம்மாவின் கல்லறைக்குக் கல் செய்த பட்டறையைப் பற்றி உறவில் பலர் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கும் கிரானைட் பட்டறை அது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். வேண்டுமானால் நேரில் கேளுங்கள்.

கல் நன்றாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கறுப்பிலேயே இரண்டு மூன்று ரகம் காட்டினார்கள். நான் எடுத்தது குன்னம் கறுப்பு. விழுப்புரம் மாவட்டத்துக் கல். மெருகு போட்டால் முகம் பார்க்கலாம். எழுத்தை உளியால் கொத்துவதில்லை. ரப்பர் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, எழுத்து வடிவில் வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் மணலை வேகமாக அடிக்கிறார்கள். தாள் மூடிய இடம் பளபளப்பாக நிற்கும், திறந்த இடம் குழியும். படம் வேண்டுமென்றால் லேசர். அம்மாவுக்குப் படம் பிடிக்காது என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

பட்டறைக்கார அண்ணாச்சி நெற்றி நிறைய திருநீறு பூசியிருப்பார். ஆனால் வேதாகம வசனம் அவருக்கு அத்தியாயம், வசன எண்ணோடு அத்துப்படி. "பெரியவங்கன்னா ரெண்டாம் தீமோத்தேயு 4:7 போட்ருவோம்க்கா, நல்ல போராட்டத்தைப் போராடினேன். பொம்பளையாளுன்னா நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீ. சங்கீதம் 23 எல்லாருக்கும் போகும்." கேட்டலாக்கில் எல்லாம் வரிசையாக இருக்கிறது. நான் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 21:4 என்றதும், "அதுவும் நிறைய போகும், சுருக்கி வச்சிருக்கோம்" என்று ஒரு மாதிரியைக் காட்டினார். அங்கேதான் எங்களுக்குள் பேச்சு நீண்டது.

எழுத்துக்கு 20 ரூபாய். உயிர்மெய்யைக் கொம்பு, கால் எல்லாம் சேர்த்து ஒன்றாகவே எண்ணுகிறார்கள், மெய்யும் ஒன்று. நியாயமான கணக்கு. "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை, அலறுதலுமில்லை, வருத்தமுமில்லை, முந்தினவைகள் ஒழிந்துபோயின." மொத்தம் 69 எழுத்து. அண்ணாச்சி பென்சிலை வைத்து இரண்டு சொல்லை அடித்தார். "அக்கா, அலறுதலும் வருத்தமும் எடுத்துட்டா ஒரு வரி மிச்சம். மரணம், துக்கம் போதும்லா? கல்லறையில அலறுதல்னு எதுக்கு?"

மிச்சம் 320 ரூபாய். ஆனால் எனக்கு அந்த "அலறுதல்"தான் வேண்டும்.

அம்மாவுக்கு முடக்குவாதம். நான் கல்லூரியில் படிக்கும்போதே தொடங்கிவிட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, கடைசியில் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே வைத்துத்தான் தூக்குவாள். பகலில் வாயைத் திறக்க மாட்டாள். விடியற்காலையில் மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கும்போது திருப்பிப் படுக்கவைத்தால் கத்துவாள். தெருவுக்கே கேட்கும். அடக்கத்துக்கு வந்தவர்கள், "இனி அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, அழாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இந்த வசனம் யாரையும் அழாதே என்று சொல்லவில்லையே. துடைப்பதென்றால் அங்கே போய்ச் சேரும்போதும் கண்ணில் தண்ணீர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? செத்துப்போன லாசருவைச் சில நிமிடத்தில் உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். பத்மு தீவில் இருந்து யோவான் இந்த வெளிப்படுத்தலை எழுதியதும் உபத்திரவத்தில் இருந்த சபைகளுக்குத்தான். அவர்கள் கேட்ட அலறலை அவர் பட்டியலில் சேர்த்துச் சொல்லிவிட்டு, இது இருக்காது என்கிறார். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு அதில் எதுவும் மிச்சமில்லை.

இவ்வளவையும் அண்ணாச்சியிடம் சொன்னேனா என்றால் இல்லை. "முழுசும் போடுங்க அண்ணாச்சி" என்றேன், சரி என்றுவிட்டார்.

அதேபோல, கேட்டலாக்கில் "பரலோகத்தில் இளைப்பாறுகிறார்" என்று தயாராக ஒரு வரி இருக்கிறது. அதையும் வேண்டாம் என்றேன். தப்பென்று இல்லை. ஆனால் நாங்கள் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீர உயிர்த்தெழுதலை, அதாவது செத்தவர்கள் உடம்போடு எழும்புவார்கள் என்பதை, சொல்கிறவர்கள். அம்மா அதை எழுத்துக்கு எழுத்து நம்பினாள். உடன்குடிப் பக்கத்துக்காரி. சின்ன வயதில் பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடைந்தவள். விரல் போன பிறகு அதுதான் அவளுக்குப் பெரிய குறை. வெளிப்படுத்தல் 7-ல் திரளான ஜனங்கள் கையில் குருத்தோலை பிடித்து நிற்கிற இடம் வாசித்தால் சிரிப்பாள். "ஓலைய அங்கேயே குடுக்காவ பாத்தியா? முடைய ஆளு வேணும்லா." நோவு தீர்ந்து சும்மா படுத்திருப்பதல்ல அவள் எதிர்பார்த்தது, விரல் திரும்ப வேலை செய்வது. பிரசங்கம் பண்ணுகிறவர்கள் பலரும் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

அதனால் ஓரத்தில் குருத்தோலை வரையச் சொன்னேன். முதலில் கணினியில் இருந்து எடுத்துப்போட்டது ஏதோ வெளிநாட்டு இலைக்கொத்து. அடுத்தது தென்னை. அங்கே வேலை செய்கிற வயதான கல் ஆசாரிதான், "பனங்குருத்து விசிறி மாதிரில்லா மடிஞ்சிருக்கும், விரியாம இருக்கணும்" என்று தாளில் கையால் வரைந்து கொடுத்தார். அதை அப்படியே வெட்டினார்கள். பட்டறையிலேயே எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை.

இப்போது குறை. முதலில் கொடுத்த மாதிரித் தாளில் "அலருதலுமில்லை" என்று இருந்தது. ற போய் ர வந்துவிட்டது. நான் பார்த்ததால் தப்பித்தது. கல்லில் ஏறியிருந்தால் அழிக்க முடியாது, கல்லையே மாற்றணும். அங்கே தமிழ் சரிபார்க்கத் தனியாக ஆள் கிடையாது. தாளை வீட்டுக்கு வாங்கிவந்து, வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர்கள் பொறுப்பில்லை.

இரண்டாவது, சொன்ன தேதி. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்பு ஊரில் எல்லாருக்கும் கல் வேண்டும். அக்டோபரில் கொடுத்தால் போன் கூட எடுக்க மாட்டார்கள். எனக்கு ஒரு வாரம் தள்ளித்தான் வந்தது. திருநாளன்று மண்மேட்டில்தான் மெழுகுவத்தி வைத்தோம். அண்ணாச்சி வருத்தம் தெரிவித்தார், விலையைக் குறைக்கவில்லை.

ஒன்றில் அவர்களைப் பாராட்டணும். அடக்கம் முடிந்த கையோடு கேட்டபோது, கல் வைக்கக் கூடாது என்று அவர்களே திருப்பி அனுப்பினார்கள். ஒரு மழைக்காலம் போய் மண் அமுங்கின பிறகுதான் அடித்தளம் போடணுமாம், இல்லையென்றால் கல் சாய்ந்துவிடும். வியாபாரத்தைப் பார்த்தால் இதைச் சொல்லத் தேவையில்லை. அளவு கொடுக்கும் முன் சபை அலுவலகத்தில் அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கல்லறைத் தோட்டங்களில் படுக்கைக் கல்லுக்கு மட்டும்தான் இடம் உண்டு.

எழுத்துக்குள் தங்க நிறம் அடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் வெயிலில் வெளுத்து மஞ்சள் கறையாகத்தான் தெரிகிறது. வெள்ளை போதும். மெழுகு சிந்தினால் கத்தியால் சுரண்டாமல் பிளாஸ்டிக் அளவுகோலால் தள்ளிவிட்டு வெந்நீர் ஊற்றுங்கள்.

அம்மாவோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் கல்லைப் பார்த்துவிட்டு, "அலறுதல்னு போட்டிருக்கியே" என்று கேட்டார். ஆமா டீச்சர் என்றேன். அவர் வீட்டுக்காரருக்கு இதே பட்டறையில்தான் சொல்லப்போகிறாராம். செப்டம்பரிலேயே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.