ஸ்கைலைனரின் வேகம் விநாடிக்கு 5 மீட்டர். 7 மீட்டர் ஆக்கினால் என்ன கிடைக்கும்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வளாகத்தில் ஸ்கைலைனர் கேபிள் கார் 2019 செப்டம்பர் 29 அன்று ஓடத் தொடங்கியது. கட்டியது டாப்பல்மேயர் நிறுவனம். மூன்று தடங்களும் கரீபியன் பீச் விடுதி அருகே உள்ள நிலையத்தில் சந்திக்கின்றன. ஏறத்தாழ 300 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 10 பேர் வரை உட்காரலாம். வடம் ஓடும் வேகம் மணிக்குச் சுமார் 11 மைல், அதாவது 18 கி.மீ. இத்துறையில் இருப்பவர்கள் விநாடிக் கணக்கில்தான் பேசுவார்கள்: விநாடிக்கு 5 மீட்டர்.

அதே வளாகத்தில் 1971 முதல் ஓடும் மோனோரயில் மணிக்கு 40 மைலைத் தொடும். உலகில் விநாடிக்கு 7 மீட்டருக்கு மேல் ஓடும் கேபிள் கார்களும் உண்டு. பிறகு ஏன் 5? எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஒன்றிரண்டு கி.மீ. நீளமுள்ள பூங்காத் தடத்துக்கு 5 முதல் 6 மீட்டரே சரியான வேகம். அதற்கு மேல் வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை நிலையத்துக்குக் கொடுத்தால் பயணிக்குக் கூடுதல் பலன்.

போட்டியில் இருக்கும் மூன்று முறைகள்

முதலாவது, பெட்டிகள் வடத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட கூட்டப் பெட்டி முறை. மூன்று நான்கு பெட்டிகள் ஒரு கூட்டமாகப் போகும். ஒரு கூட்டம் நிலையத்துக்கு வந்தால் முழு வடமும் மெதுவாகும், அல்லது நிற்கும். பழனி ரோப்காரில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒற்றை வடத்தில் கழன்று மாட்டும் கிரிப் (வடத்தைக் கவ்வும் பிடி) கொண்ட பெட்டிகள். வடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையத்துக்குள் நுழைந்ததும் கிரிப் திறந்து பெட்டி வடத்தை விட்டுவிடும். வரிசையாக இருக்கும் ரப்பர் டயர்கள் அதன் வேகத்தைக் குறைத்து, விநாடிக்கு 0.25 முதல் 0.3 மீட்டரில் நகர்த்திச் செல்லும். ஆட்கள் ஏறியபின் டயர்களே மறுபடி வட வேகத்துக்குக் கொண்டுவர, கிரிப் மூடி வடத்தைக் கவ்வும். ஸ்கைலைனர் இந்த வகை. பொலிவியாவின் லா பாஸ் நகர கேபிள் கார்களும் இதே வகைதான்.

மூன்றாவது த்ரீ-எஸ். இரண்டு தடித்த வடங்கள் அசையாமல் தண்டவாளம் போல் நிற்க, மூன்றாவது வடம் பெட்டியை இழுக்கும். கனடாவில் 2008 டிசம்பரில் திறந்த பீக் டு பீக் இந்த வகை: 28 பேர் பெட்டி, வேகம் விநாடிக்கு 7.5 மீட்டர், 4.4 கி.மீ. தூரத்தை 11 நிமிடத்தில் கடக்கிறது.

வேகம் மிச்சப்படுத்தும் நேரம்

ஒரு கி.மீ. தடத்தை எடுத்துக்கொள்வோம். வடம் 5 மீட்டரில் ஓடினால் 200 விநாடி. 6 மீட்டரில் 167, 7 மீட்டரில் 143, 8 மீட்டரில் 125. வேகத்தை 5-லிருந்து 6 ஆக்கினால் கிடைப்பது 33 விநாடி. பயணி நிலையத்துக்குள் பெட்டியில் ஊர்ந்தபடி இருக்கும் நேரம், ஏறும் பக்கமும் இறங்கும் பக்கமும் சேர்த்தால், இதைவிட அதிகமாகவே இருக்கும். அதை வட வேகம் தொடுவதே இல்லை.

தடம் திரும்பும் இடங்களிலும் இதே கதைதான். ஒற்றை வடம் கோபுரங்களுக்கு மேல் பெரிய வளைவு எடுக்காது. திரும்ப வேண்டுமானால் நடுவில் ஒரு திருப்பு நிலையம் கட்ட வேண்டும். ஸ்கைலைனரில் எப்காட் பூங்காவுக்குப் போகும் தடத்தில் யாரும் ஏறி இறங்காத அப்படியொரு நிலையம் உள்ளது. அங்கே பெட்டி வேகம் குறைந்து, திரும்பி, மறுபடி வேகம் எடுக்கிறது. அந்தத் தடத்தை 6 மீட்டருக்கு வடிவமைத்திருந்தாலும் இந்த ஊர்தல் அப்படியே இருக்கும்.

எத்தனை பேரை ஏற்றலாம் என்பது வேறு கணக்கு

வேகத்தைக் கூட்டினால் அதிகம் பேரை ஏற்றலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கழன்று மாட்டும் முறையில் அது உண்மையில்லை. மணிக்கு எத்தனை பேர் என்பதைத் தீர்மானிப்பது இரண்டே: பெட்டியில் எத்தனை பேர், எத்தனை விநாடிக்கு ஒரு பெட்டி. 10 பேர் பெட்டி 12 விநாடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 3,000 பேர். லா பாஸின் பெரும்பாலான தடங்களில் இருப்பது இதே அளவுதான். வடம் 5 மீட்டரில் ஓடினால் பெட்டிகளுக்கு நடுவே 60 மீட்டர் இடைவெளி. 6 மீட்டரில் 72. எண்ணிக்கை அதே 3,000. மாறுவது பெட்டிகளின் தேவை: இரு பக்கமும் சேர்த்து 2 கி.மீ. வடத்தில் 33 பெட்டிக்குப் பதில் 28 போதும். பூங்கா உரிமையாளருக்கு அது ஒரு சேமிப்பு, பயணிக்கு ஒன்றுமில்லை.

இடைவெளியை 12-லிருந்து 9 விநாடிக்குக் குறைக்கலாமே? அங்கே தடுப்பது நிலையம். நிலையத்தில் 0.25 மீட்டரில் ஊரும்போது 12 விநாடி இடைவெளி என்றால் பெட்டிக்குப் பெட்டி 3 மீட்டர். 9 விநாடி என்றால் 2.25 மீட்டர், பெட்டியின் நீளமே இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், எனவே ஒன்றோடொன்று உரசும். ஊரும் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்குத் தடுமாற்றம்.

கூட்டப் பெட்டி முறையில் வேறு விதமான கட்டுப்பாடு. ஒரு பக்கத்துக்கு ஒரு கூட்டம், அதில் 8 பேர் உட்காரும் 4 பெட்டிகள், ஆக 32 பேர் என்று வையுங்கள். 500 மீட்டர் தடத்தில் ஓட்டம், வேகமெடுப்பு, நிறுத்தம் எல்லாம் சேர்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 150 விநாடி. மணிக்கு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 750 பேர். தடத்தை ஒரு கி.மீ. ஆக்கினால் அது 250 விநாடியைத் தாண்டும். எண்ணிக்கை 450 ஆகச் சரியும். கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், வேறு கூட்டம் நிலையத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் நடுவானில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே சிறிய பூங்கா, 500 மீட்டருக்குள், பயணிகள் குறைவு என்றால் இதுவே சிக்கனம்: கிரிப் திறக்கும் இயந்திரம் இல்லை, டயர் வரிசை இல்லை, பராமரிப்பும் எளிது. அந்த எல்லையைத் தாண்டினால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வேகத்துக்கு நிலையமும் வடமும் கொடுக்கும் விலை

நிலையத்தில் பெட்டியை நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒவ்வொரு விநாடியிலும் வேகம் விநாடிக்கு 1.25 மீட்டர் வீதம் குறைந்தால், 5 மீட்டருக்குத் தேவை 10 மீட்டர் நீளம். 6-க்கு 14.4. 7-க்கு 19.6. வேகமெடுக்கவும் அதே அளவு. ஆக 5-லிருந்து 7 ஆக்கினால் ஒவ்வொரு நிலையத்திலும் இந்தப் பகுதி ஏறத்தாழ இரட்டிப்பாகும், டயர்களும் அவற்றின் பெல்ட்டுகளும் அதே அளவு கூடும். ஐந்து நிலையங்களும் ஒரு திருப்பு நிலையமும் உள்ள ஸ்கைலைனரில் இது சிறிய செலவில்லை.

வடமும் தேயும். 2 கி.மீ. சுற்றுள்ள வடம் 5 மீட்டரில் 400 விநாடிக்கு ஒரு சுற்று. 14 மணி நேர நாளில் 126 சுற்று. 6 மீட்டரில் 151. ஒவ்வொரு சுற்றிலும் நிலையத்தின் பெரிய சக்கரத்தில் வளைந்து நிமிர்கிறது, கோபுரத்து ரோலர்களின் ரப்பர் பட்டைகள் மேல் ஏறி இறங்குகிறது. சமதளத்தில் ஓடும் தடத்தில் மோட்டாரின் வேலை பெரும்பாலும் உராய்வை வெல்வதுதான். எனவே வேகம் 20 சதவீதம் கூடினால் மின்சாரமும் கிட்டத்தட்ட அந்த அளவே கூடும்.

மெதுவாக ஓட்டுவதும் ஒரு தேர்வு

லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு மேல் 2012 ஜூன் 28 அன்று திறந்த கேபிள் கார் 1.1 கி.மீ. நீளம். வேலைக்குப் போகும் நெரிசல் நேரத்தில் 5 நிமிடத்தில் கடக்கவும், மற்ற நேரங்களில் காட்சி பார்ப்பவர்களுக்காக 10 நிமிடம் எடுக்கவும் அதை ஓட்டினார்கள். அதே வடம், அதே பெட்டிகள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான அமைப்பில் நிலையத்து டயர்களுக்கான சக்தி ஓடும் வடத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. வடத்தை 5-லிருந்து 4 ஆக்கினால் நிலையத்து ஊர்தலும் 0.30-லிருந்து 0.24 ஆகும், 12 விநாடி இடைவெளி 15 ஆகும், மணிக்கு 3,000 பேர் 2,400 ஆவார்கள். அதாவது, வடிவமைக்கும்போது வேகத்தைக் கூட்டினால் கொள்ளளவு கூடாது; ஓட்டும்போது குறைத்தாலோ கொள்ளளவு கட்டாயம் குறையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல விவாதங்கள் தடம் புரள்கின்றன.

காற்று, வெயில், மின்னல்

பலத்த காற்றில் ஒற்றை வடப் பெட்டி பக்கவாட்டில் ஆடும். ஆடியபடியே வேகமாக வந்தால் கோபுரத்தையோ நிலையத்தின் நுழைவு வழிகாட்டியையோ இடிக்கும். அதனால் நிலையத்திலிருந்து இயக்குபவர் முதலில் வேகத்தைக் குறைப்பார், பிறகு நிறுத்துவார். காலிப் பெட்டிதான் அதிகம் ஆடும். எடை அதற்குக் குறைவு. த்ரீ-எஸ்ஸில் பெட்டி இரண்டு வடங்களின் மேல் அகலக் கால் ஊன்றி ஓடுவதால் மிகக் கடுமையான காற்றையும் தாங்கும். பள்ளத்தாக்கையோ அகன்ற ஆற்றையோ கோபுரமின்றித் தாண்ட வேண்டிய இடத்தில் அதற்கு நிகர் இல்லை. பீக் டு பீக்கில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 3 கி.மீ.க்கு மேல் வெட்டவெளி. சமதளமான ஃப்ளோரிடாவில் அந்தப் பலம் வீண்.

ஸ்கைலைனர் பெட்டிகளில் ஏ.சி. கிடையாது. காற்றோட்டத் திறப்புகள் வழியாக வரும் காற்றுதான். பெட்டி ஓடும்வரை அது போதும். நின்றால் சில நிமிடங்களில் உள்ளே புழுங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே, இங்கே உச்ச வேகத்தைவிட நிற்காமல் ஓடுவது முக்கியம் என்கிறோம். மின்னல் நெருங்கினால் சேவையே நிறுத்தப்படும். அதற்கு எந்த வேகமும் விடையில்லை.

எங்கே பழுதாகும்

பெரும்பாலும் நடுவானில் இல்லை, நிலையத்துக்குள். டயர் தேய்ந்தாலோ காற்றழுத்தம் குறைந்தாலோ பெட்டி வழுக்கி, முன்னால் போகும் பெட்டிக்கும் தனக்கும் உள்ள இடைவெளி குறையும். கதவு முழுதாக மூடாவிட்டால் உணர்கருவி தடத்தை நிறுத்தும். கிரிப்பின் ஸ்பிரிங் போதுமான விசையோடு கவ்வியதா என்பதை ஒவ்வொரு முறையும் புறப்படும் இடத்தில் இயந்திரமே சோதிக்கும். குறைந்தால் பெட்டி வெளியேறாமல் நிறுத்தப்படும். வேகம் கூடக் கூட, இந்தச் சோதனைகளுக்கும் நிறுத்துவதற்கும் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

ஸ்கைலைனர் திறந்த ஒரு வாரத்திலேயே, 2019 அக்டோபர் 5 இரவு, எப்காட் தடத்தில் பெட்டிகள் நிலையத்தில் மோதிக் குவிந்தன. பயணிகள் சிலர் மூன்று மணி நேரத்துக்கு மேல் வானில் காத்திருந்தார்கள். சேவை மறுபடி தொடங்கியது அக்டோபர் 14 அன்றுதான்.

வாங்குபவர் கேட்க வேண்டியது

உச்ச வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு நாளின் சராசரி ஓட்ட வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு தடங்களைக் கணக்குக்காக வைப்போம், இரண்டும் மணிக்கு 3,000 பேருக்கு வடிவமைத்தவை. முதலாவது 6 மீட்டர் தடம். சக்கர நாற்காலிக்கும் முதியவர்களுக்கும் முழு வடத்தையும் மெதுவாக்க வேண்டும். மணிக்கு 12 முறை, ஒவ்வொன்றும் 40 விநாடி பாதி வேகம், கூடவே ஒரு நிமிடம் நீடிக்கும் 3 நிறுத்தங்கள். இழப்பு 420 விநாடி. ஏற்றுவது சுமார் 2,650 பேர். இரண்டாவது 5 மீட்டர் தடம். சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறப் பெட்டியை ஒதுக்கி முழுதாக நிறுத்திவைக்கும் பக்கப் பாதை உண்டு. ஸ்கைலைனரின் சில நிலையங்களில் உள்ளது இதுதான். மணிக்கு ஒரு நிமிட நிறுத்தம் ஒன்றே என்றால் ஏற்றுவது 2,950 பேர். பூங்கா மூடும் நேரத்தில் வரிசையின் கடைசியில், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் குடும்பத்துக்கு அந்த 300 பேர் வித்தியாசம் ஆறேழு நிமிடம்.