முகாமுக்குள் மரதன்: பாதை நல்லது, கேற்தான் தொல்லை

வவுனியாப் பக்கம் படைமுகாம் ஒன்றுக்குள் நடக்கிற சின்ன மரதன் இது. 42.195 கிலோமீற்றரை நாலு சுற்றாகப் பிரித்திருக்கிறார்கள். சுற்றுக்குப் பத்தரைக்குச் சற்று மேல். வாகனமே இல்லை. ஏ9 வீதி ஓரம் பஸ் உரசிப் போகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு இதுவே பாதிப் பரிசு.

கேற்றில்தான் இழுபடும். அடையாள அட்டை அசல் வேண்டும், போட்டோப் பிரதி செல்லாது. கைபேசியும் ஜீபிஎஸ் கடிகாரமும் வாசலிலேயே நின்றுவிடும். காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஓட்டத்துக்கு மூன்றரைக்கே வரிசையில் நில்லுங்கள்.

பாதி தார், பாதி கிரவல். மூன்றாம் சுற்றில் கால் தூக்குகிற உயரம் குறையும். உருள்கல்லில் கணுக்கால் பிரள்வது அப்போதுதான். மெல்லிய அடிச் சப்பாத்து வேண்டாம். செம்புழுதி மேசுக்குள் போய் வியர்வையில் ஊறினால் அரம்போலத் தோலை உரிக்கும்; விரலிடுக்கில் வசிலினைத் தாராளமாகப் பூசுங்கள்.

தண்ணீர் மேசை சுற்றுக்கு இரண்டே இரண்டு, அது போதாது. வெயில் ஏறியபின் வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கிக் குமட்டும், தலை சுற்றும். ஜீவனி என்கிற உப்புச்சீனித் தூள் ஒரு பைக்கற்றை முழுசாக ஒரு லீற்றரில் கரைத்து, போத்தலில் இலக்கம் எழுதி, சுற்று தொடங்குமிடத்தில் வையுங்கள், விடுகிறார்கள். அரைப் பைக்கற் கலக்காதீர்கள், உப்பும் சீனியும் சமமாகப் பிரியாது.

சுற்று எண்ணுவது கொப்பியில் கோடு போட்டுத்தான், தவறும். மணிக்கட்டில் நாலு றப்பர் பட்டி போட்டு, சுற்றுக்கு ஒன்றாகக் கழற்றுங்கள்.

முடிவில் பாணும் பருப்பும். பிளேன்ரீயில் சீனி கூட. அந்த நேரத்துக்கு அது குறையில்லை.