மசக்கைக்கு இஞ்சி: ‘கொஞ்சம்’ என்றால் எவ்வளவு?

மசக்கைக்கு இஞ்சி கேட்குமா என்றால், கேட்கும். ஆனாலும் இஞ்சித் தண்ணீரைக் குடித்த கால் மணி நேரத்தில் அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டு, “நமக்கு இது ஒத்துக்காது” என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடும் கர்ப்பிணிகள் நிறையப் பேர். அவர்கள் சொல்வது பொய்யில்லை. “கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டுக் குடி, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களே, அந்தக் ‘கொஞ்சம்’ செய்த வேலை அது. எவ்வளவு இஞ்சி, எத்தனை வேளை, வெறும் வயிற்றிலா சாப்பிட்ட பிறகா, எத்தனை நாளைக்கு? நான்கில் ஒன்றுக்குக்கூட அந்த யோசனையில் பதில் கிடையாது. ஒரு நாளில் ஐந்தாறு தடவை குடலைப் பிரட்டிக்கொண்டு கிடப்பவரிடம் இப்படி அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

மசக்கை 6-ஆவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, 9-ஆவது வாரவாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலோருக்கு 14 முதல் 16 வாரத்துக்குள் தணியும். அதற்கு ஒரு வைத்தியம் என்றால் எட்டுப் பத்து வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும். இஞ்சியை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில நாட்களிலிருந்து மூன்று வாரம் வரைதான் ஓடியிருக்கின்றன. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் 2001-ஆம் ஆண்டு ஆய்வில் 70 கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இஞ்சித் தூள் அடைத்த 250 மில்லிகிராம் கேப்சூல், மற்றவர்களுக்கு அதே போன்ற வெற்றுக் கேப்சூல். மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொன்று, படுக்கும் முன் ஒன்று. மொத்தம் 4 நாள். இஞ்சி எடுத்தவர்களுக்குக் குமட்டல் நன்றாகவே குறைந்தது. ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பதைக் கவனிக்க வேண்டும். வீடுகளிலோ காலையில் கண் விழித்ததும் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு கொடுக்கிறார்கள்.

அளவுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 1 கிராம் உலர்ந்த இஞ்சித் தூள், அதாவது சுக்குத் தூள். மட்டமாகத் தட்டிய அரை டீஸ்பூன் ஏறக்குறைய 1 கிராம் வரும். வீட்டுத் தராசில் கால் கிராமை நிறுக்க முடியாது. அதனால் அந்த அரை டீஸ்பூன் தூளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, கத்தி முனையால் நீளக் கோடாக இழுத்து, நான்கு பங்காகப் பிரித்து, நான்கு சின்னக் கிண்ணங்களில் மூடி வைத்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு வேளைக்கு. தூளை வெறும் தண்ணீரில் கலக்கினால் மேலே மிதந்து தொண்டையில் போய் ஒட்டும், இருமலோடு வாந்தியும் வரும். அரை டீஸ்பூன் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. கேப்சூல் வாங்குவதாக இருந்தால் உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். 250 மில்லிகிராம் ‘தூள்’ வேறு, 250 மில்லிகிராம் ‘செறிவூட்டிய சாறு’ வேறு. இங்கே சொல்லும் கணக்கு தூளுக்கு மட்டும்.

பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே 1 கிராம் தூளுக்கு 5 கிராம் பச்சை இஞ்சி. தோல் சீவித் துருவினால் மட்டமாக ஒரு டீஸ்பூன். நாள் முழுவதுக்கும் இவ்வளவுதான். கட்டைவிரல் நீளத் துண்டை நசுக்கி ஒரே குவளையில் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். நாலைந்து நாள் இஞ்சி ஒரே வேளையில் உள்ளே போகிறது. வடிகட்டிவிடுவதால் சத்து முழுக்க இறங்காது என்பது வாஸ்தவம்தான். காரம் இறங்கிவிடுமே.

தண்ணீராகக் குடிப்பதென்றால் இப்படிச் செய்தால் வயிறு தாங்குகிறது. 400 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு டீஸ்பூன் துருவலைப் போட்டு மூடிவிட வேண்டும். 10 நிமிடத்தில் வடிகட்டி, ஆறவைத்து, மூடி போட்ட பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டிக்குள். ஒரு வேளைக்கு 100 மில்லி. மடமடவென்று குடிக்காமல் 20 நிமிடத்துக்கு இழுத்துக் குடிக்க வேண்டும். மறுநாளுக்கு மிச்சம் வைக்காமல் கொட்டிவிடலாம். இஞ்சியைப் போட்டுக் கொதிக்க விடக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருள். நீண்ட நேரம் சூடானால் அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், அது இன்னும் காரம். தவிர, கொதிக்கும்போது எழும் ஆவியின் வாசனையே சிலருக்குப் போதும், குடிக்கும் முன்பே புரட்டிவிடும். குளிர்ந்ததை மூடிய பாட்டிலில் உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தால் மூக்குக்கு எட்டாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சிலருக்கு நாளடைவில் இஞ்சி தன் இன்னொரு முகத்தைக் காட்டும். கர்ப்பகாலத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உணவுக்குழாயின் கீழ் வாயிலைத் தளர்த்திவிடுவதால் அமிலம் மேலே ஏறுவது சகஜம். அதோடு இஞ்சிக் காரமும் சேர, நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் ஆரம்பிக்கும். வயிற்றின் மேல்பகுதியில் வரும் அந்த எரிச்சலையும் மசக்கைக் குமட்டலையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். மசக்கை கூடிவிட்டது என்று நினைத்து இஞ்சியையும் கூட்டுவார்கள். எரிச்சல் இன்னும் கூடும். படுத்தால் அதிகமாகி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்தால் அது பெரும்பாலும் அமிலத்தின் வேலை. இஞ்சியை இரண்டு நாள் நிறுத்திவிட்டு, பாதி அளவில், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது மட்டும் திரும்பத் தொடங்கலாம்.

நாளடைவில் இன்னொன்றும் நடக்கலாம். குமட்டல் உச்சத்தில் இருக்கும்போது திரும்பத் திரும்ப வாயில் படுகிற எதையும் மூளை குமட்டலோடு முடிச்சுப்போட்டுவிடும். அதன்பிறகு இஞ்சி வாசனை வந்தாலே குமட்டி வாயில் எச்சில் ஊறும். குமட்டல் தொடங்கும் முன்பே, நேரம் பார்த்து எடுத்துக்கொண்டால் இந்த முடிச்சு விழுவது குறைகிறது. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர், தேனில் குழைத்தது, கேப்சூல் என்று வடிவத்தை மாற்றுவதும் உதவும். இஞ்சி மிட்டாய், இஞ்சிச் சோடா என்று விற்பவற்றில் பலவற்றில் வெறும் வாசனைச் சாரமும் சர்க்கரையும்தான். உட்பொருள் பட்டியலில் இஞ்சி இல்லையென்றால் அதில் இஞ்சி இல்லை.

இனி, யாரும் வாய் திறந்து புகழாத ஒன்று. படுக்கையை விட்டு எழும் முன் சாப்பிடும் இரண்டு உலர்ந்த பிஸ்கட். இதில் வாசனை இல்லை, ருசி இல்லை, ‘இயற்கை வைத்தியம்’ என்ற பெருமையும் இல்லை. எட்டு வாரமும் முகம் சுளிக்காமல் உழைப்பது இதுதான். இரவெல்லாம் காலியாகக் கிடந்த வயிற்றில் அமிலம் மட்டும் இருக்க, சட்டென்று எழுந்து நிற்பதுதான் காலைப் புரட்டலுக்கு வழிவிடுகிறது. செய்முறை சின்னதுதான், வரிசை மாறக் கூடாது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இறுக்கமான டப்பா. கண் விழித்ததும் தலையை லேசாக உயர்த்தி, பக்கவாட்டில் படுத்தபடியே, தண்ணீர் இல்லாமல் மெதுவாக மென்று விழுங்க வேண்டும். பிறகு 15 முதல் 20 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம்தான் எழ வேண்டும்.

இது பலிக்காமல் போகும் இடங்களும் தெரிந்தவையே. எழுந்து சமையலறைக்குப் போய் எடுத்து வந்தால் அதோடு தீர்ந்தது. கிரீம் வைத்ததும் நெய் வாசனை அடிப்பதும் ஆகாது. சாப்பிட்ட உடனே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் அத்தனையும் திரும்பி வரும். டப்பா சரியாக மூடாமல் பிஸ்கட் நமுத்துப்போனால் அந்த வாசனையே பகை. முந்தைய இரவு 7 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை 7 மணி வரை ஒன்றுமில்லாமல் கிடந்தால் இரண்டு பிஸ்கட்டால் சமாளிக்க முடியாது. படுக்கும் முன் ஒரு கைப்பிடி கொட்டை வகை, வேகவைத்த முட்டை, கொஞ்சம் தயிர் என்று புரதம் உள்ள ஏதாவது ஒன்று உள்ளே போக வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது ஒரு கடி சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போடக் கூடாது. பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் பசிக்கு முன்னால் குமட்டல் வந்து நிற்கும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி நேரம் முன்னே பின்னே தள்ளி வைப்பது நல்லது. வாந்தி எடுத்த கையோடு குடிக்காமல் 15 நிமிடம் விட்டு, ஒரு வாய், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வாய். அதுவும் நிற்கவில்லையென்றால் ஐஸ் துண்டு, உப்பு-சர்க்கரைக் கரைசல். எலுமிச்சைத் தோலைக் கீறி முகர்வது சமையல் நெடியைத் தள்ளிப்போட உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புதினா குமட்டலுக்கு இதம்தான். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஆகாது, உணவுக்குழாயின் அதே கீழ் வாயிலை அதுவும் தளர்த்தும்.

குமட்டலுக்காக மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டையை, வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுபவர்களில் பலர் அதைக் கடிகாரம் கட்டும் இடத்தில் கட்டியிருப்பார்கள். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகையிலிருந்து கர்ப்பிணியின் சொந்த விரல்கள் மூன்றை அடுக்கி வைத்தால், அதற்கு மறு ஓரத்தில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே வரும் பள்ளம்தான் இடம். பட்டையின் குமிழ் அங்கே அழுந்த வேண்டும், இரண்டு கையிலும். விரல் மரத்தால் இறுக்கம் அதிகம். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, கெடுதல் இல்லை என்பதால் கட்டிப் பார்க்கலாம்.

எந்த வைத்தியமும் கேட்காதபோது இரும்புச் சத்து மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். குமட்டலைக் கிளறுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நேரத்தை மாற்றலாமா, சில வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஃபோலிக் அமிலத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாந்தி எடுத்ததும் பல் துலக்கவும் கூடாது. அமிலத்தில் ஊறிய பற்சிப்பி தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

குறைகிறதா இல்லையா என்பதை நினைவை நம்பிச் சொல்ல முடியாது, எழுதி வைக்க வேண்டும். கடந்த 24 மணி நேரத்தில் குமட்டல் எத்தனை மணி நேரம், வாந்தி எத்தனை தடவை, ஒன்றும் வராமல் ஓங்கரித்தது எத்தனை தடவை என்ற மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பியூக் என்ற முறையை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். கூட்டுத்தொகை 6 வரை லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13-உம் அதற்கு மேலும் கடுமை. 13 வந்தபிறகு சமையலறையில் தேட எதுவும் இல்லை. 24 மணி நேரமாகத் தண்ணீர்கூட நிற்கவில்லை, 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை அல்லது அடர்ந்த நிறத்தில் போகிறது, எடை கர்ப்பத்துக்கு முன்பிருந்ததில் 5 சதவீதம் குறைந்துவிட்டது, வாந்தியில் ரத்தம், காய்ச்சல், வயிற்றுவலி, எழுந்தால் தலைசுற்றல்: இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. 9-ஆவது வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வாந்தியையும் மசக்கை என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், ரத்தப்போக்கு இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை மருந்தளவில் தொடவே வேண்டாம்.

சமையலறைப் பொருட்களில் ஆய்வுக்கு உட்பட்டு ஓரளவு தேறிவந்தது இஞ்சிதான். அதை மறுக்க முடியாது. குமட்டலைக் குறைக்கிறது, வாந்தியின் எண்ணிக்கையை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. இருந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இஞ்சியை விட்டுவிட்டு அந்தப் பிஸ்கட் டப்பாவைத்தான் எடுக்கச் சொல்வேன். இஞ்சிக்கு அளவு பார்க்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும், நெஞ்செரிச்சலைக் கவனிக்க வேண்டும். தலையே தூக்க முடியாதவரிடம் அது கேட்கும் வேலை அதிகம். அளவும் நேரமும் சரியாக இருந்து, ஒரு வாரத்தில் மதிப்பெண் இறங்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு, பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, தரலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். வழக்கமாக 10 முதல் 25 மில்லிகிராம், மூன்று நான்கு வேளை தருவார்கள். அதையும் தானாக வாங்கி இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது, அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும்.